புலட்டின் போர்ட் சேர்வருக்கு எந்தக் கணக்கு? நான் நிலையான சிஸ்டம் பயனரை எடுத்ததற்குக் காரணம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், பழைய மேசைக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, சின்க்ரோனெட் என்ற இலவச புலட்டின் போர்ட் (செய்திகளும் கோப்புகளும் பகிரும் கணினி அறிவிப்புப் பலகை) மென்பொருளை ஓட்டுகிறோம். டேட்டாவுக்குக் காசு தேவையில்லை. வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களை எடுக்கலாம், கோயில் கமிட்டி அறிவித்தலைப் படிக்கலாம். இப்படியொன்றை நிறுவுகிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது, சேர்வர் லினக்ஸில் யாருடைய பெயரில் ஓட வேண்டும் என்பதைத்தான். போர்டில் சேரும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கணக்கு வேண்டாம். அவர்களுடைய விவரம் சின்க்ரோனெட்டின் சொந்தக் கோப்புகளிலேயே இருக்கும். இங்கே பேச்சு சேர்வருக்கான அந்த ஒரு கணக்கைப் பற்றி.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டவே கூடாது. டெல்நெட் என்ற தொலை இணைப்பு முறையின் 23 போல 1024க்குக் கீழுள்ள நெட்வேர்க் போர்ட்களை, அதாவது இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்களை, திறக்க ரூட் வேண்டுமே என்பார்கள். சின்க்ரோனெட் ரூட்டாகத் தொடங்கி, போர்ட்களைத் திறந்தவுடன் நாம் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்த பயனருக்கு மாறிக்கொள்ளும். சொந்த லாகின் கணக்கும் சரிவராது. சேர்வரில் ஓட்டை இருந்தால் வேறு கணினிகளுக்குள் நுழைய நாம் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவி வரைக்கும் கை போகும்.

அப்புறம் மிஞ்சுவது இரண்டு: லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டி தருகிற டைனமிக்யூசர், ஆட்யூசர் கட்டளையால் உண்டாக்கும் நிலையான சிஸ்டம் பயனர்.

டைனமிக்யூசர் நல்ல ஏற்பாடு. சேவை தொடங்கும்போது 61184 முதல் 65519 வரையான எண்களில் ஒன்றைக் கொடுக்கும், நின்றதும் திரும்ப எடுத்துக்கொள்ளும். தற்காலிகக் கோப்புகளுக்குத் தனி இடம், மற்றக் கோப்புறைகளில் எழுதத் தடை எல்லாம் கூடவே வரும். எதையும் சேமித்துவைக்காத சின்னச் சேவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுப்பேன். புலட்டின் போர்ட் அப்படியில்லை. சேவையை நிறுத்திவிட்டு, அதே பயனராக அமைப்புக் கருவியைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும். நிறுத்திய நேரத்தில் அந்தப் பயனரே இருக்கமாட்டார். தரவு போய் உட்காரும் கோப்புறைக்குள் ரூட் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. இரவில் பழைய செய்திகளைச் சுருக்கும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைக்கும் நிலையான ஒரு பெயர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுற்றுவழி உண்டு. ஆனால் அடுத்து இதைப் பொறுப்பெடுக்கப்போகிற தம்பி, தங்கைக்கு அத்தனையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நிலையான பயனருக்கு ஒரே வரிக் கட்டளை போதும். கடவுச்சொல் இருக்காது, ஷெல் நோலாகின், அதாவது அந்தப் பெயரில் யாரும் உள்நுழைய முடியாது. தனிக் குழுவை உண்டாக்கும் குரூப் தெரிவை மட்டும் மறந்துவிட வேண்டாம். மறந்தால் நோகுரூப் என்ற பொதுக் குழுவில் போய் விழும், வேறு சேவைகளும் அங்கே இருக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பயனர் எண். லினக்ஸ் கோப்பில் உரிமையாளரின் பெயரை எழுதுவதில்லை, யூஐடி என்ற எண்ணைத்தான் எழுதுகிறது. மலையகத்தில் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். பவர் சப்ளையோ மதர்போர்டோ போனாலும் டிஸ்க் தப்பியிருந்தால், அதைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டுவோம். பழையதில் போர்டின் எண் 112 என்று வையுங்கள். புதியதில் 112 வேறொரு சேவையுடையதாக இருக்கலாம். அப்போது பிள்ளைகளின் தனிக் கடிதங்கள் உட்பட எல்லாக் கோப்புக்கும் அந்தச் சேவை உரிமையாளராகிவிடும்; போர்டுக்குத் தன் கோப்பிலேயே எழுத முடியாது.

ஆகவே எண்ணை நாமே கொடுக்க வேண்டும். டெபியனில் சிஸ்டம் கணக்குகளுக்கு 100 முதல் 999 வரை. ஆட்யூசர் தானாகத் தேடும்போது கீழிருந்து மேலே போகும். பயனரை உண்டாக்கும் மற்றக் கருவிகளான யூசர்ஆட், சிஸ்யூசர்ஸ் இரண்டும் மேலிருந்து கீழே வரும். நடுவில் மோதல் குறைவு என்பதால் நான் 550ஐ எடுத்தேன். அதைக் கணினிப் பெட்டியின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

டைனமிக்யூசரிலும் இதற்கு வழி உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: தொடங்கும்போது தரவுக் கோப்புறையின் உரிமையைத் தானே மாற்றிக்கொள்ளும். பல சேவைகளை ஒரே இயந்திரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் பூட்டுகள் என் தெரிவைவிடப் பெறுமதியாக இருக்கலாம். நான் ஓட்டுவது ஒரு புலட்டின் போர்ட் மட்டும்.

டிஸ்க்கும் போய், டார் என்ற கருவியால் எடுத்துவைத்த காப்புப் பிரதியிலிருந்து மீட்பதானால் வரிசை முக்கியம். முதலில் அதே பெயரில், அதே எண்ணில் பயனரை உண்டாக்குங்கள். அதன் பிறகு ரூட்டாக டாரை விரியுங்கள். டார் முதலில் பெயரைப் பார்க்கும், பெயர் கிடைக்காவிட்டால்தான் எண்ணுக்குப் போகும்.