ஃபேனில் மாட்டிய யானை: 120 ரூபாய் கதை டார்ச் வாங்கலாமா?

நான்கு வயதுப் பெண்ணைத் தூங்க வைக்கும் வேலை எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்தே முக்கால் வரை நடக்கும். தண்ணீர் வேண்டும், ஒன்னுக்குப் போகணும், போர்வை குத்துது, அப்பா எப்ப வருவார், மறுபடியும் தண்ணீர். இந்த லட்சணத்தில், போன மாதம் பர்மா பஜாருக்கு சார்ஜர் வாங்கப் போன வீட்டுக்காரர் கூடவே ஒரு கதை டார்ச்சையும் வாங்கி வந்தார். 150 சொன்னார்களாம், 120-க்குப் பேசி முடித்தாராம். மூன்று வாரம் தினமும் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பொருள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டார்ச், முன்னால் ஒரு சின்ன லென்ஸ், அதற்குப் பின்னால் வட்டத் தட்டைச் செருகிக்கொள்ள இடம். ஒரு தட்டில் 8 படம், மூன்று தட்டு, ஆக 24 படம். பட்டனை அழுத்தினால் படம் சுவரில் விழும், தட்டை விரலால் ஒரு சொடுக்கு திருப்பினால் அடுத்த படம் வரும், லென்ஸைத் திருகினால் தெளிவாகும். பிராண்ட் பெயரெல்லாம் கிடையாது.

முதல் நாள் சொதப்பல். நாங்கள் இருப்பது ராயபுரத்தில் ஒரு பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்திரங்களுக்கு மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிக் கட்டியது. அதன் மேல் அடித்தால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து உத்திரத்தில் ஏறி இறங்கி மூன்று துண்டாகத் தெரிகிறது. யானை நேராக ஃபேனில் போய் உட்கார்ந்தது. ஃபேன் சுற்றச் சுற்ற யானையின் உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்க, பாப்பா சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த அத்தையும் எழுந்துவிட்டார். "இன்னாடி இது, ஆனைக்குக் குளிர் ஜுரமா?" என்று கேட்டார், அவ்வளவுதான், அன்றைக்குத் தூக்கம் பதினொன்றரைக்கு.

கூரை பத்து அடிக்கு மேல் உயரம் என்பதால் படம் பெரிதாகி வெளுத்தும் போகிறது. நாலைந்து அடி தூரத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்தால்தான் இந்த டார்ச்சுக்கு மரியாதை. மறுநாள் அத்தையே மாமாவின் பழைய வேட்டியைத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். பிரச்சினை தீர்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அத்தை ஒரு சட்டம் போட்டார்: ஒரு ராத்திரிக்கு மூன்றே படம், எந்த மூன்று என்று பாப்பாவே சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும், படுத்த பிறகு மாற்றக் கூடாது. முதல் படத்துக்குக் கதை சத்தமாக, கேள்வி கேட்கலாம். இரண்டாவதுக்கு மெதுவான குரல். மூன்றாவதுக்குக் கிசுகிசுப்பு, கேள்வி கிடையாது. முடிந்ததும் பாப்பாவே பட்டனை அணைத்து, "டார்ச்சுக்குத் தூக்கம் வந்துடுச்சு ஆயா" என்று சொல்லி, காலி பேஸ்ட் டப்பாவுக்குள் அதைப் படுக்க வைத்து, கைக்குட்டையால் போர்த்திவிட வேண்டும். இந்தப் போர்த்துகிற வேலையை அவள் செய்கிற பொறுப்பைப் பார்க்கணுமே! கால் தெரியக் கூடாதாம்.

போனில் கதை போட்டுக் காட்டிய காலத்தில் இது நடக்கவே இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும், பிடுங்கினால் அழுகை. போதாக்குறைக்கு ராத்திரி வெளிச்சம், அதிலும் நீல வெளிச்சம், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும், சின்னப் பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம். இதற்கு முன் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய, பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றுகிற நீல நட்சத்திர விளக்கும் அப்படித்தான், அதைப் போட்டால் எழுந்து நின்று ஆடுவாள். அப்பா வீட்டில் இருக்கும் நாளில் நண்டூருது நரியூருது விளையாடுவது தனிக் கதை. அக்குள் வரை நண்டு ஏறிய பிறகு எந்தக் குழந்தை தூங்கும்?

இப்போது கோபம். பேட்டரி மூடி. உள்ளே இருப்பது மூன்று எல்ஆர்41 பட்டன் செல், ஒவ்வொன்றும் மாத்திரை அளவு. குழந்தைகள் சாமானில் இந்த மூடிக்கு ஸ்க்ரூ கட்டாயம் வேண்டும், எங்களுக்கு வந்ததில் வெறும் கொக்கிதான். மூன்றாம் நாளே டார்ச் கட்டிலிலிருந்து விழுந்து மூடி தெறித்துவிட்டது. இரண்டு செல் உடனே கிடைத்தது, மூன்றாவதைப் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் தேடினேன், கடைசியில் பாயின் மடிப்பில் இருந்தது. பட்டன் செல்லை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடலாம். மூக்கில் போட்டுக்கொண்டாலும் ஆபத்துதான். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். நான் மூடியைச் சுற்றி மூன்று சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். ஸ்க்ரூ இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் 50 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

மற்றபடி, செல் இரண்டு வாரத்தில் மங்கிவிட்டது, வாட்ச் கடையில் மாற்றிக்கொண்டேன். டைனோசர் தட்டில் ஒரு படம் வெறும் பச்சைத் திட்டு, பாப்பா அதைக் கீரை என்கிறாள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம், ஸ்க்ரூ இருந்தால் நான்கு.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது ரயில் படம். 1856-ல் நம்ம ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை போனது என்று அத்தை எங்கோ கேட்டு வைத்திருக்கிறார். அதனால் மூன்றாவது படம் ரயில் என்றால் கதையே கிடையாது, வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சொல்வார், வாலாஜா வந்தால் இறங்கிக்கொள்ளலாம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது கணக்கு, ஆகவே மத்தியானம் அதிகம் தூங்கினால் ராத்திரி வண்டி தூரம் போகும். பெரும்பாலும் ஆவடி தாண்டுவதில்லை. நேற்று மட்டும் சாயங்காலம் ஐந்து வரை தூங்கிவிட்டாள், அரக்கோணம் போய்விட்டது, அத்தைதான் திருவள்ளூரிலேயே தூங்கிப்போனார்.