பிள்ளைகளின் கேம் நேரமும் ஃபேமிலி லிங்க்கும்: சில வருஷ அனுபவம்

பிள்ளைகள் டேப்லெட் பார்க்கும் நேரத்தைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை மகள் யூகேஜி முடித்த கோடை லீவில் போட்டோம். இப்போது அவள் நாலாவது, தம்பி ஒண்ணாவது. வீட்டில் விளையாட இருப்பது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். இதனால் பிரயோஜனம் உண்டா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஷிப்மெண்ட் வாரம் வந்துவிட்டால் இரண்டு பேருமே வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அப்பத்தாவோடு இருப்பார்கள். டேப்லெட்டை பீரோவில் வைத்துப் பூட்டலாம்தான், ஆனால் சாவி மாமியாரிடம் இருக்கும். பேரன் கேட்டு அவர் இல்லை என்று சொன்ன சரித்திரமே கிடையாது. எனவே பூட்டு என் கையில், அதாவது என் போனில் இருக்க வேண்டியிருந்தது.

ஆப் இலவசம். பெற்றோர் ஐபோன் வைத்திருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் கையில் இருப்பது ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். கிழமைவாரியாக எத்தனை நிமிஷம் என்று வைக்கலாம், ராத்திரி இத்தனை மணிக்கு மேல் திறக்காது என்று வைக்கலாம், ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி அளவும் வைக்கலாம். பிளே ஸ்டோரில் எதை இறக்கினாலும் நமக்கு அனுமதி கேட்டு வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடுதல் நேரம் கொடுக்கலாம், உடனே பூட்டவும் செய்யலாம். இதெல்லாம் முதல் நாளே பழகிவிடும்.

பழகாத விஷயம் வேறு. பூட்டு விழும்போது வருகிற அழுகை. நேரம் முடிய பதினைந்து நிமிஷம், ஐந்து நிமிஷம், ஒரு நிமிஷம் இருக்கும்போது ஆப் எச்சரிக்கை காட்டும். ஆனால் ஐந்து வயசுப் பையனுக்கு ஐந்து நிமிஷம் என்றால் என்ன தெரியும்? கேமில் பாதி வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது திரை மூடினால் அவனுக்கு அது அநியாயம். கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது: எவ்வளவு நேரம் என்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய சண்டை இல்லை. முப்பது நிமிஷமா நாற்பது நிமிஷமா என்று அவர்கள் கணக்குப் போடுவதே இல்லை. சண்டை எல்லாம் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான். ஆப்புக்குக் கடிகாரம் தெரியும். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அதை நாம்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் அதிகம் விளையாடுவது மைன்கிராஃப்ட், கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, சுரங்கம் தோண்டி விளையாடும் கேம். அதில் ஒரு முழு நாள் என்பது நம் கணக்கில் 20 நிமிஷம். பகல் மட்டும் சுமார் 10 நிமிஷம். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்தால் இருட்டைத் தாண்டி நேராக விடிந்துவிடும். ஆக, ஒவ்வொரு ராத்திரியும் படுக்கிற பிள்ளைக்கு ஒரு நாள் கிட்டத்தட்ட பதினொரு நிமிஷத்தில் முடிகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட நாட்களில் கணக்கு மூன்று ராத்திரி. மூன்றாவது தடவை படுத்து எழுந்தால் டேப்லெட்டைக் கீழே வைக்க வேண்டும். ஃபேமிலி லிங்க்கில் 45 நிமிஷம் வைத்திருக்கிறேன். அவர்கள் தானாக நிறுத்த வேண்டியது அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும்; பூட்டு என்பது அதை மீறினால் மட்டும். "ஏனுங்மா, இன்னும் ஒரே ஒரு ராத்திரி" என்று கெஞ்சல் வரும்தான். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பது நின்றுபோனது. மகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். படுக்காமல் ராத்திரி முழுக்க சுரங்கம் தோண்டினால் ஒரு ராத்திரிக்கு இருபது நிமிஷம் கிடைக்கிறதே! அப்படியும் 45 நிமிஷத்தைத் தாண்ட முடியாது என்பதால் விட்டுவிட்டேன். அந்த அளவுக்காவது கணக்கு வரட்டும்.

எந்த கேமை அனுமதிப்பது என்பதையும் நிறுத்த ஒரு இடம் இருக்கிறதா என்ற கண்ணோடுதான் பார்க்கிறேன். ரேஸ் என்றால் ரேஸ் முடியும். செஸ், லூடோ முடியும். ரோப்ளாக்ஸுக்கு முடிவே கிடையாது, ஒன்றில் அலுத்தால் உள்ளேயே இன்னொரு ஆட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கலாம், ஆறு வயசுக்கு நான் அனுமதி அழுத்துவதில்லை. இலவச கேம்களில் லெவலுக்கு லெவல் வருகிற விளம்பரம் இன்னொரு தொந்தரவு. நெட் இல்லாமலும் ஓடுகிற கேம் என்றால் வைஃபையை அணைத்துவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். விளம்பரமும் உள்ளே காசு கேட்பதும் இல்லாத கேம்களுக்கு கூகுள் பிளே பாஸ் என்று ஒன்று உண்டு. 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய். மைன்கிராஃப்ட் மாதிரி ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் கேம்தான் என் கணக்கில் மலிவு.

ஃபேமிலி லிங்க்கில் நேரம் பிள்ளையின் தலைக்கு அல்ல, சாதனத்துக்கு. மகளின் கூகுள் கணக்கு போட்ட டேப்லெட்டில் தம்பியும் விளையாடினால் இருவருக்கும் சேர்த்து அதே 45 நிமிஷம்தான். இதைக் குறையாகத்தான் முதலில் நினைத்தோம். நடந்தது வேறு. தனித்தனியாக விளையாடினால் ஆளுக்குப் பாதி. சேர்ந்து விளையாடினால் இருவருக்கும் முழுசு. இது அவர்களுக்கே புரிந்துவிட்டது. இப்போது அக்கா விரலை ஓட்டுகிறாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து "அந்தப் பக்கம் போ, அங்க இரும்பு இருக்கு" என்று மேஸ்திரி வேலை பார்க்கிறான். ஒரு ராத்திரி முடிந்தால் கை மாறும்.

திருப்பூரில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் லீவு நாளில் வந்தால் வைஃபையும் போய்விடும். நான் கம்பெனியிலிருந்து கூடுதல் நேரம் கொடுத்தாலும் டேப்லெட்டுக்கு அது போய்ச் சேராது. இதற்குப் பெற்றோர் குறியீடு என்று நம் போன் ஆப்பிலேயே ஓர் எண் இருக்கிறது. டேப்லெட்டில் நெட் இல்லாவிட்டாலும் அதைப் போட்டுத் திறக்கலாம். போனில் மாமியாரிடம் சொன்னால் அவர் போட்டுக்கொடுப்பார். எண் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு தடவை சொன்னதை வைத்து மறுபடி திறக்க முடியாது. முடிந்திருந்தால் மாமியார் அதை என்றைக்கோ மனப்பாடம் செய்திருப்பார்.

ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாத இடம் காங்கேயம் பக்கம் இருக்கிற எங்கள் அப்பா வீடு. அப்புச்சி போனில் பூட்டும் இல்லை, கணக்கும் இல்லை. "பையன் அழுகறான் பாரு கண்ணு, சித்த நேரம் பார்த்தா என்னாயிப்போகுது?" அங்கே அவன் விளையாடுவது கூட இல்லை, யூடியூபில் யாரோ விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் கேட்டால் அதுதான் விளையாடுவதைவிட மோசம். கையும் வேலை செய்வதில்லை, மூளையும் வேலை செய்வதில்லை, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. அப்பாவின் போனில் தானாக ஓடுவதை அணைத்துவைத்தேன். வேறு எதற்கும் போக முடியாதபடி திரையில் ஒரு ஆப்பை மட்டும் பின் பண்ணிக் கொடுக்கும் வசதியையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதைச் செய்கிறாரா என்று விசாரிப்பதில்லை. மாரியம்மன் நோம்பிக்குப் போனால் மாமன் பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு வருவார்கள். அந்த நாட்களில் கணக்கே கிடையாது, விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு நேரம் சரி என்று கேட்பவர்களுக்கு: இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொன்னது, இரண்டு வயசு வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். டிவியும் இதில் சேர்த்தி. சித்திரை வெயிலில் மத்தியானம் வெளியே அனுப்ப முடியாத லீவு நாட்களில் டிவியையும் கூட்டினால் அந்த இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறோம். அதற்கு மேல் போகும்போது தாயக்கட்டையை எடுத்துக் கொடுப்பது அப்பத்தாவின் வேலை. அதில் மட்டும் அவர் கறார்.

இப்போது மகளுக்குத் தனி டேப்லெட் வேண்டுமாம், வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதாம். தனி டேப்லெட் என்றால் தனி 45 நிமிஷம், தனித்தனி மூலையில் இரண்டு பேர். வாங்குவதாக இல்லை. மைன்கிராஃப்டில் தம்பிக்குத் தெரியாமல் அவள் கட்டி வைத்திருக்கும் வீட்டை அவன் இடித்துவிடக் கூடாது என்பதுதான் நிஜமான பிரச்சினை என்று பேசப் பேச வெளியே வந்தது. கேமுக்குள்ளேயே ஆளுக்கொரு உலகம் தனியாகத் திறந்து கொடுத்திருக்கிறேன். அதற்குக் காசு இல்லை.