பிரிக்லிங்க்: பட்டியலில் இல்லாத நிறங்களைத் தேடுபவருக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

லெகோ கட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கப்பலும் கோட்டையும் கட்டுவோர் நடுவே, ஒரே வடிவக் கட்டையை வெவ்வேறு நிறங்களில் சேர்த்து வரிசையாக அடுக்கி வைப்பவர் சற்று விநோதமானவராகத்தான் தெரிவார். நான் அந்த வகையைச் சேர்ந்தவன். எட்டுக் குமிழ்கள் கொண்ட 2×4 கட்டை, அதாவது 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் லெகோ நிறுவனத்தின் கோட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இணைப்பு முறையைக் கொண்ட அதே கட்டை, எந்தெந்த நிறங்களில் வந்திருக்கிறது, அவற்றுள் எவை கடைக்கு வராமலே நின்றுபோயின என்பதே என் தேடல். ஆறு ஆண்டுகளாக இதற்கு நான் பயன்படுத்திவரும் பிரிக்லிங்க் இணையச் சந்தையை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். முழுப் பெட்டிகள் வாங்குவோருக்கு இது அதிகம் பயன்படாது.

2000ஆம் ஆண்டில் டேன் ஜெசெக் என்ற ரசிகர் பிரிக்பே என்ற பெயரில் தொடங்கிய இத்தளம், பின்னர் பிரிக்லிங்க் ஆகி, 2019இல் லெகோ நிறுவனத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. உலகெங்குமுள்ள சிறு விற்பனையாளர்கள் தத்தம் கடையை இங்கே விரித்திருக்கிறார்கள். வடிவத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தால், அந்தச் சேர்க்கை யார் யாரிடம் எத்தனை உள்ளது என்பதும், கடந்த ஆறு மாதங்களில் அது என்ன விலைக்குப் போனது என்பதும் ஒரே பக்கத்தில் தெரியும். இந்த விலைக் கையேடு ஒன்றுக்காகவே இத்தளத்தைப் பரிந்துரைப்பேன். விற்பவர் கேட்கும் விலையும் வாங்குபவர் உண்மையில் கொடுத்த விலையும் தனித்தனியே தெரிவதால், ‘மிக அரிது’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஏமாற்றுவது எளிதன்று.

புதிதாக வருபவரை முதலில் திணறடிப்பது நிறப்பெயர்கள்தாம். பிரிக்லிங்க்கின் பெயர்கள் ரசிகர்கள் வைத்தவை. லெகோ நிறுவனத்தின் பெயர்களும் எண்களும் வேறு. லெகோவின் கணக்கில் 5ஆம் எண் ‘பிரிக் யெல்லோ’ என்ற மணல் நிறம். பிரிக்லிங்க்கின் கணக்கில் 5 என்றால் சிவப்பு. லெகோ ‘டார்க் கிரீன்’ என்று அழைப்பது நமக்குத் தெரிந்த சாதாரணப் பச்சை, எண் 28. பிரிக்லிங்க்கில் ‘டார்க் கிரீன்’ என்று தேடினால் வருவதோ லெகோ ‘எர்த் கிரீன்’ என்று 141ஆம் எண்ணில் வைத்திருக்கும் கரும்பச்சை. இரண்டு பஞ்சாங்கங்களை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நாள் பார்ப்பது போன்ற நிலை இது. ரீபிரிக்கபிள் தளத்தில் இவ்வெண்களை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் அட்டவணை இருக்கிறது. அதை அருகில் திறந்து வைத்துக்கொள்ளாமல் நான் எதையும் வாங்குவதில்லை. நிறுவனமே இத்தளத்தை வாங்கிய பின்னும் பெயர்கள் ஒன்றாக்கப்படவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இருபது ஆண்டுப் பேச்சுவழக்கை ஒரே நாளில் மாற்றினால் பழைய குறிப்புகள் எல்லாம் வீணாகிவிடும்.

பெயர்க் குழப்பத்தைத் தாண்டிவிட்டால், வடிவங்களையும் நிறங்களையும் பதிந்து வைத்திருக்கும் பிரிக்லிங்க்கின் பட்டியல் தன் எல்லைக்குள் மிகவும் நேர்த்தியானது. 2004இல் லெகோ பழைய சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் நிறுத்திவிட்டு, நீலம் கலந்த இரண்டு சாம்பல்களையும் செம்பழுப்பையும் கொண்டுவந்தது. அதுவரை கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களின் சுவர்கள் பாதியில் நிறம் மாறிப்போனதால் எழுந்த கோபம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. பிரிக்லிங்க் இந்தப் பழைய, புதிய சாம்பல்களைத் திட்டவட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தனியே பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாத வேறுபாடு, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரியும். மஞ்சள் விளக்கின் கீழோ மறுபடியும் மங்கிவிடும். இதை அறிந்த விற்பனையாளர் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

நிறுத்தப்பட்ட நிறங்களைத் தேடுவதிலும் இத்தளம் கைகொடுக்கிறது. கப்பல் நிறுவனமான மார்ஸ்க்கிற்காக 1974 முதல் செய்யப்பட்ட தொகுப்புகளில் வந்த ‘மார்ஸ்க் புளூ’ என்ற வெளிர்நீலம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் வந்த டிரிபிள்-இ என்ற மார்ஸ்க் கப்பல் தொகுப்பில் அந்த நிறத்துக்குப் பதிலாக ‘மீடியம் அசூர்’ என்ற வேறொரு நீலம் பயன்படுத்தப்பட்டது. எனவே இனி வராது என்று கருதத்தக்க நிறத்தில் எந்தெந்த வடிவங்கள் உள்ளன என்று பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆனால் ‘இனி வராது’ என்பதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ரசிகர்கள் ‘டீல்’ என்று கொண்டாடிய, பிரிக்லிங்க்கில் ‘டார்க் டர்க்காய்ஸ்’ எனப்படும் நீலப்பச்சை நிறம் பல ஆண்டுகள் காணாமல் போய், 2018இல் திரும்பி வந்தது. அதை மூட்டை கட்டி வைத்திருந்தவர்களின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி என் தேடலின் மையத்துக்கு வருகிறேன். பட்டியலுக்கு வெளியே நிற்கும் நிறங்கள் பல வகை. 1963இல் கட்டடக் கலைஞர்களுக்காக லெகோ குடும்பத்திலிருந்து பிறந்த மாடுலெக்ஸ் கட்டைகள் ஐந்து மில்லிமீட்டர் அலகில், 1:20 என்ற அளவில் மாதிரிக் கட்டடம் செய்வதற்கானவை. ஓடு நிறம், காவி, ஆலிவ் பச்சை என்று மண்வாசனை வீசும் அவற்றின் நிறங்களைப் பிரிக்லிங்க் தனிப் பகுதியாகவே சேர்த்திருப்பது பாராட்டுக்குரியது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் லெகோவுக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை வழங்கிய காலத்தில் சோதனைக்காக வார்த்துப் பார்த்த கட்டைகளின் கதை வேறு. சேகரிப்போர் பேச்சில் ‘பேயர் டெஸ்ட் பிரிக்’ எனப்படும் அவற்றில், எந்தப் பெட்டியிலும் வராத இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் உண்டு. வார்ப்பு இயந்திரம் ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, இரண்டும் கலந்து பளிங்குபோல் வரிவரியாக வரும் கட்டைகள் வேறொரு வகை. இவற்றுக்குப் பட்டியலில் பெயரில்லை. விற்பவர் தமக்குத் தோன்றும் மிக அருகிலுள்ள நிறத்தின் கீழ் வைத்து, விளக்கக் குறிப்பில் இரண்டு சொல் எழுதிவிடுகிறார். ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடும்போது இவை ஒருபோதும் கண்ணில் படுவதில்லை. வடிவத்தை மட்டும் தேர்ந்து, எல்லா நிறங்களையும் காட்டச் சொல்லி, ஒவ்வொரு குறிப்பாகப் படிப்பதே வழி. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் என் பெட்டியிலுள்ள மிகச் சிறந்த மூன்று கட்டைகள் இப்படிப் படித்ததில் கிடைத்தவை.

பட்டியலின் நுணுக்கம் சமச்சீராக இல்லை என்பதே என் முக்கியமான குறை. கட்டையின் அடிப்பக்கக் குழாய்களுக்குக் குறுக்குத் தாங்கிகள் உள்ளனவா இல்லையா என்பதற்குக்கூடத் தனிப் பதிவு இருக்கிறது. ஆனால் 1963க்கு முந்தைய, செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆன கட்டையின் சிவப்பும், பிந்தைய ஏபிஎஸ் கட்டையின் சிவப்பும் ஒரே ‘ரெட்’தான். முன்னது காலப்போக்கில் நெளிந்து வளையும், அதன் சிவப்பின் ஆழமும் வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எவரும் ஒரே நிறம் என்று சொல்லமாட்டார். 2000களின் நடுவில் லெகோ, முன்பே நிறமேற்றிய பிளாஸ்டிக் மணிகளை வாங்குவதை விட்டு, இயற்கை நிற ஏபிஎஸ்ஸுடன் அடர்நிறமிக் கலவையை இயந்திரத்திலேயே கலக்கும் முறைக்கு மாறியது. அதன்பின் ஒரே நிறத்துக்குள்ளேயே தொகுதிக்குத் தொகுதி காணப்படும் வேறுபாடும் பட்டியலில் இடம்பெறவில்லை. சந்தை நடத்துபவருக்கு இது தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிறத்தைப் படத்தில் நம்ப முடியாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வேறொரு ஏலத் தளத்தில், பெயர் வேண்டாம், ‘பட்டியலில் இல்லாத கடல்பச்சை’ என்று வந்த ஒரு கட்டையைக் கணிசமான தொகைக்கு வாங்கினேன். கையில் வந்ததும் திருப்பிப் பார்த்தால், வெளிச்சம் படாத உட்குழிவில் அது சாதாரண நீலம். ஏபிஎஸ்ஸிலுள்ள பியூட்டாடீன் புறஊதாக் கதிரால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெள்ளை மஞ்சளாகும், சாம்பல் பழுப்பேறும், நீலம் பச்சை சாயும். யாரோ ஒருவருடைய சன்னலோரத்தில் பல ஆண்டு வெயில் காய்ந்த கட்டைக்கு நான் அருங்காட்சியக விலை கொடுத்திருந்தேன். விற்றவர் பொய் சொன்னாரா, தாமும் ஏமாந்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து அடிப்பக்கப் படம் கேட்காமல் நான் பணம் செலுத்துவதில்லை. பிரிக்லிங்க்கில் விற்பனையாளருக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடிவதால், வெள்ளைத் தாளின் மீது, சன்னல் வெளிச்சத்தில், அறிந்த நிறக் கட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலோர் முகம் சுளிக்காமல் அனுப்புகிறார்கள். ஒளி ஊடுருவும் நியான் பச்சையா, வெறும் பச்சையா என்று ஐயம் வந்தால் ஒரு சிறிய புறஊதா விளக்கு போதும். நியான் வகை பளீரென்று ஒளிரும்.

செலவைப் பற்றி ஒரு சொல். பல கடைகள் குறைந்தபட்சக் கொள்முதல் தொகை ஒன்றை வைத்திருக்கின்றன. ஒரே ஒரு கட்டை வேண்டுமென்று போனால், அத்துடன் வேண்டாத இருபது தட்டுகளையும் சக்கரங்களையும் வாங்கி, அதன்மேல் கடல்கடந்த அஞ்சல் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். அதனால் தேவைப்பட்டியலில் நிறங்களைப் பதிந்து வைத்துவிட்டு, ஒரே கடையில் மூன்று நான்காவது சேரும்வரை காத்திருப்பதே எனக்குக் கட்டுப்படியாகிறது. பட்டியலிட்ட அரிய நிறங்களுக்கு இத்தளத்துக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன்; பட்டியலில் இல்லாதவற்றுக்கு மூன்றுக்கு மேல் மனம் வரவில்லை. குறிப்புகளுக்குள் சொல் தேடும் வசதியும், பெயரில்லா நிறங்களுக்கென்று படத்துடன் ஒரு தனிப் பிரிவும் வந்தால், மீதி மதிப்பெண்ணை அன்றைக்கே கூட்டிவிடத் தயாராக இருக்கிறேன்.