ஒன்றுவிட்டு ஒன்று: தெருவிளக்கில் கைவைக்கும் சிக்கனம்

கஜானாவில் பணம் குறைந்தால் நிர்வாகத்தின் கை முதலில் நீள்வது தெருவிளக்கின் சுவிட்சை நோக்கித்தான். குப்பையை அள்ளாவிட்டால் மறுநாளே நாறும். விளக்கை அணைத்தால், கேள்வி கேட்க அந்நேரத்தில் விழித்திருப்பவர்கள் சிலர்தான். இந்தச் சிக்கனத்துக்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஒன்றுவிட்டு ஒரு விளக்கை அணைப்பது, நள்ளிரவுக்குப் பின் எல்லாவற்றையும் அணைப்பது, வெளிச்சத்தை மட்டும் குறைப்பது, ஆரஞ்சு ஒளி வீசும் பழைய சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி பொருத்துவது.

முதலில் மின் கணக்கு. 150 வாட் சோடியம் விளக்கு, அதன் சோக் இழுப்பதையும் சேர்த்தால் சுமார் 170 வாட். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் எரிகிறது என்று வைத்தால் 680 யூனிட். ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்தால் கம்பத்துக்குச் சராசரியாக 340 யூனிட் மிச்சம். நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை அணைத்தால் 310. அதே கம்பத்தில் 70 வாட் எல்இடி பொருத்தினால், ஒரு விளக்கையும் அணைக்காமலேயே 400 யூனிட் மிச்சம். அதையும் நள்ளிரவுக்குப் பின் பாதியாகக் குறைத்தால் இன்னும் 60 சொச்சம் சேரும்.

முதல் இரண்டு வழிகளும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாலையில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒன்றுவிட்டு ஒன்றை அணைப்பது மிதமான யோசனை போலத் தோன்றும். பாதி விளக்கு, பாதி வெளிச்சம் என்று கூட்டத்தில் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் கம்பங்களின் இடைவெளி, பக்கத்து விளக்குகளும் எரியும் என்று நம்பி அளக்கப்பட்டது. 9 மீட்டர் உயரக் கம்பங்கள் 30 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அணைத்தால் இடைவெளி 60 மீட்டர். இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் தரையில் விழும் வெளிச்சம் பாதியாகாது. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தூரம் கூடுவதோடு ஒளி சாய்ந்து விழுவதும் சேர்ந்துகொள்வதால் வரும் விளைவு இது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிற ஓட்டுநர் நான்கு விநாடிக்கு ஒரு முறை பளிச்சென்ற வட்டத்துக்குள் நுழைந்து, உடனே இருட்டில் விழுகிறார். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக விநாடிகள் போதாது, நிமிடங்கள் வேண்டும். சாலையைக் கடப்பவர் அந்த இருட்டுத் துண்டில் நின்றால், சாலை முழுவதும் சீராக மங்கியிருப்பதைவிட அவருக்கு ஆபத்து அதிகம்.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரம் 2010இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தெருவிளக்குகளை அணைத்தது. மின்சாரம் ஓடாத கம்பி திருடனுக்குப் பயமில்லாத கம்பி. செம்புக் கம்பிகளை உருவிக்கொண்டு போனார்கள். அவற்றை மீண்டும் போட்ட செலவு, மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கியது.

எல்லோரும் அதிகமாகத் திட்டுவது நள்ளிரவு அணைப்பைத்தான். எனக்கும் முதலில் அதுதான் மோசமாகப் பட்டது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 62 உள்ளாட்சி அமைப்புகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, விளக்கை அணைத்ததாலோ குறைத்ததாலோ இரவு விபத்துகள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. இதை எந்தச் சாலைக்கும் பொருந்தும் அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அது பல இடங்களைச் சேர்த்துப் பார்த்த பொதுவான முடிவு. பின்னிரவு வேலை முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து தனியே நடக்கும் பெண், நடக்காமல் வாடகை வண்டி பிடித்தால், அந்தச் செலவு எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. நிர்வாகத்துக்கு மின் கட்டணத்தில் மிச்சமான தொகை அவர் பையிலிருந்து போகிறது. ஆளே நடமாடாத புறவழிச் சாலையில் நள்ளிரவு அணைப்பை நான் ஒப்புக்கொள்வேன். குடியிருப்புத் தெருவில் மாட்டேன்.

வெளிச்சத்தைக் குறைப்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒளி பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. பலர் கவனிக்கவே மாட்டார்கள். சீரான வெளிச்சமும் கெடுவதில்லை.

எல்இடியின் குறை முதலீடு. முதல் ஆண்டிலேயே பணம் வேண்டும், மிச்சம் பல ஆண்டுகளில்தான் திரும்பும்; அடுத்த தேர்தலுக்குள் கணக்குக் காட்ட விரும்புகிறவர்களுக்கு அது கசக்கும். மலிவு என்று கண்ணைக் கூசும் நீலவெண்மை விளக்கை வாங்கி மாட்டுவது இன்னொரு தவறு. ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவான நிற வெப்பநிலை (எண் கூடக் கூட நீலம் கூடும்) 3,000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இலேயே அறிவுறுத்தியது. ஆனாலும் நான்கில் எதற்கு ஓட்டு என்றால், இதமான நிற எல்இடி, பின்னிரவில் பாதி வெளிச்சம். இதில் எனக்குத் தயக்கமில்லை.

ஐந்தாவதாக, அறிவிக்காமலே நடக்கும் ஒரு சிக்கனம் உண்டு: பராமரிப்பு ஆட்களைக் குறைப்பது. உச்சி வெயிலில் ஒரு தெருவிளக்கு எரிவதை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடி மூடிக்குள் செத்த பூச்சிகள், அவற்றுக்கு மேலே வெயிலில் சோகை பிடித்த ஆரஞ்சு ஒளி. இருட்டை உணரும் கருவி பழுதாகிவிட்டது. கெட்டுப்போனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படிதான் அதைப் பெரும்பாலும் செய்கிறார்கள். ஏணியோடு வந்து மாற்ற ஆள் இல்லை. பகலில் மட்டும் அது ஆண்டுக்கு 800 யூனிட்டுக்கு மேல் தின்கிறது. சிக்கனம் என்று அணைத்து வைத்திருக்கிற பக்கத்துக் கம்பம் அதே ஆண்டில் மிச்சப்படுத்துவது 680.