எதிர்க்கட்சி எம்.பி.யை எதை வைத்து எடைபோடுவது: வாக்குப் பதிவா, கேள்விக் கணக்கா?

தேர்தல் நெருங்கினால் ஒரு படம் கைப்பேசிக் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கும். எம்.பி.யின் முகம், பக்கத்தில் நான்கு எண்கள்: வருகை விழுக்காடு, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், அமைச்சராக இல்லாத உறுப்பினர் என்ற முறையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள். கட்சிக்காரர் அனுப்பினால் "பாருங்கள், எப்படி உழைக்கிறார்" என்று வரும். எதிர்த்தரப்பு அனுப்பினால் "ஐந்து வருடம் என்ன கிழித்தார்?" என்று வரும். எண்கள் பெரும்பாலும் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் தொகுப்பவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த மசோதாவை அவர் ஆதரித்தார், எதை எதிர்த்தார், எப்போது எழுந்து வெளியே போனார் என்பது அந்தப் படத்தில் இருக்காது.

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு எம்.பி.யைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது அவருடைய வாக்குப் பதிவுதான். எந்தப் பிரச்சினையில் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று வரிசைகட்டித் தர அங்கே தளங்கள் இருக்கின்றன. "அந்த மாதிரி இங்கேயும் வேண்டும்" என்று நம்மூர் ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் ஆளுங்கட்சிக்காரரை அல்ல, எதிர்க்கட்சி எம்.பி.யை அளக்க அது எவ்வளவு உதவும் என்று பார்த்தால், பதில் அத்தனை உற்சாகமாக இல்லை.

வாக்குப் பதிவு: லண்டனிலும் டெல்லியிலும்

லண்டன் மக்களவையில் வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து, ஆதரவுக்கு ஒரு கூடம், எதிர்ப்புக்கு ஒரு கூடம் என்று நடந்துபோக வேண்டும். பெயர்கள் பதிவாகி அன்றைக்கே வெளியாகிவிடும். கொறடா உத்தரவு அங்கேயும் உண்டு. மூன்று அடிக்கோடு போட்ட உத்தரவு என்றால் கண்டிப்பு அதிகம். மீறினால் கட்சி கோபப்படும், நாடாளுமன்றக் குழுவிலிருந்து தள்ளியும் வைக்கும். பதவி மட்டும் போகாது.

எதிர்க்கட்சியில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய இடம் என்பதற்கு 2015 ஜூலை நல்ல உதாரணம். கன்சர்வேட்டிவ் அரசு நலத்திட்டச் செலவுகளைக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சியான லேபரின் தலைமை, மசோதாவின் கொள்கையை விவாதித்து வாக்கெடுக்கும் இரண்டாம் வாசிப்பின்போது வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கச் சொன்னது. 48 லேபர் எம்.பி.க்கள் கேட்கவில்லை, எதிர்த்து வாக்களித்தார்கள். அப்போது கட்சித் தலைவர் பதவிக்கு நான்கு பேர் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூவர் ஒதுங்கி நிற்க, ஜெரமி கார்பின் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தவர். செப்டம்பரில் அவரே தலைவரானார். அந்த ஒரு வாக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனிமனிதராக அவர் யார் என்பதை அது காட்டியது.

இந்தியாவில் இப்படி ஒரு காட்சிக்கு வழியே இல்லை. 1985-இல் 52-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தைச் சேர்த்தது. கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி இழக்க நேரிடும். ஆட்சி கவிழாமல் காக்கத்தான் இந்தச் சட்டம் என்று நினைக்கிறோம். எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் அதே கயிறுதான். 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் சட்டம் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றுக்குள் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்வது நல்லது என்றும் சொன்னது. கட்சிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

ஆக, டெல்லியில் ஒரு எதிர்க்கட்சி எம்.பி.யின் வாக்குப் பதிவு என்பது அவருடைய கட்சியின் வாக்குப் பதிவு. பயனற்றது என்று சொல்லவில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியபோது அதிமுக ஆதரித்து வாக்களித்தது. அந்தக் கணக்கு அடுத்தடுத்த தேர்தல் மேடைகளில் எத்தனை முறை எழுந்தது என்பது தமிழ்நாட்டு வாக்காளருக்குத் தெரியும். அதே ஆண்டு ஜூலையில் முத்தலாக் மசோதா. மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் குமார் ஆதரித்துப் பேசினார். சில நாள்களில் மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேச, கட்சி வெளிநடப்புச் செய்தது. இதெல்லாம் கட்சியின் ரேங்க் கார்டு. உங்கள் தொகுதிக்காரரின் மதிப்பெண் அதில் தனியாக இல்லை.

இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் வேலை செய்த விதம் இன்னும் வேடிக்கையானது. 2017 பிப்ரவரி 18 அன்று அதிமுக முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கை வென்றார். எதிர்த்து வாக்களித்த, அதே கட்சியின் ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேரும் பதவியில் தொடர்ந்தார்கள். ஆகஸ்டில் அவர் துணை முதல்வரும் ஆனார். அவையில் எதிர்த்து வாக்களிக்காமல், முதல்வர் மீதான நம்பிக்கையின்மையை ஆளுநரிடம் கடிதமாகக் கொடுத்த தினகரன் அணியின் 18 பேர் செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். பிரதான எதிர்க்கட்சியான திமுகவுக்கோ அந்த வாக்கெடுப்பில் பதிவே இல்லை. ரகசிய வாக்கெடுப்புக் கேட்டு அமளி நடந்தபின் அவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் எண்ணினார்கள்.

எண்ணாத வாக்குகள்

இன்னொரு சிக்கல், இந்தியாவில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. "ஆம்" என்பவர்களும் "இல்லை" என்பவர்களும் சத்தம் போட, அவைத் தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்கிறார். யாராவது டிவிஷன் கேட்டால்தான் பொத்தானை அழுத்தும் வாக்கெடுப்பு, அப்போதுதான் பெயர்ப் பட்டியல். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கட்டாயம் எண்ணியாக வேண்டும். மற்றதெல்லாம் கேட்டால்தான்.

கேட்டும் கிடைக்காத நாள் 2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்களை விரிவாக ஆராயத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லித் திருச்சி சிவா உள்ளிட்டோர் மாநிலங்களவையில் தீர்மானம் கொடுத்து டிவிஷன் கேட்டார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே முடிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இருக்கையில் இல்லை என்பது துணைத் தலைவர் ஹரிவன்ஷ் தரப்பு. இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்பது சிவா தரப்பு. மறுநாள் எட்டு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஓராண்டு விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் விவாதமே இல்லாமல் திரும்பப் பெறப்பட்டன. இவ்வளவு பெரிய விஷயத்தில் மாநிலங்களவையில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர் பெயராகச் சொல்ல ஒரு பட்டியல் கிடையாது. எதிர்க்கட்சி எம்.பி. எத்தனை முறை டிவிஷன் கேட்டார் என்பதை யாராவது எண்ணினால், அவருடைய வாக்குகளை எண்ணுவதைவிட அது எனக்குப் பயன்படும்.

வெளிநடப்புக்கு வருவோம். நம் செய்திகளில் அது வீரச் செயல். கணக்கில் வேறு. அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, அவைக்கு வந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையைத்தான் பார்க்கச் சொல்கிறது. எழுந்து போனவர் கணக்கிலிருந்தே கழிந்துவிடுகிறார். முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. அரசுக்கு அங்கே அப்போது பெரும்பான்மை இல்லை. வெளிநடப்புச் செய்தவர்களும் வராதவர்களும்தான் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணைக் கீழே இறக்கிவிட்டார்கள். "எதிர்த்து வெளிநடப்பு" என்ற தலைப்பைப் பார்த்தால் எண்களையும் ஒருமுறை பாருங்கள்.

பிரிட்டிஷ் பதிவும் கண்ணாடி போலத் தெளிவானது என்று நினைக்க வேண்டாம். அங்கே "நடுநிலை" என்று பதிவுசெய்ய முறையான வழி இல்லாததால், வேண்டுமென்றே ஒதுங்கியவரும் காய்ச்சலில் படுத்தவரும் பட்டியலில் ஒன்றுபோல் காணாமல் போகிறார்கள். ஆளுங்கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர், இருவரும் வாக்களிப்பதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளும் ஜோடி ஏற்பாடும் உண்டு. 2018 ஜூலையில் குழந்தை பெற்ற லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஜோ ஸ்வின்சன் அப்படித்தான் வராமல் இருந்தார். அவருக்கு ஜோடியான கன்சர்வேட்டிவ் கட்சியின் சேர்மன் பிராண்டன் லூயிஸ் வாக்களித்துவிட்டார். தவறுதலாக நடந்தது என்றார்கள். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு லூயிஸ் கடமை தவறாதவர், ஸ்வின்சன் வராதவர்.

கேள்விக் கணக்கு

மறுபக்கத் தராசுக்கு வருவோம். நான்கு எண்களில் வருகைக்கு நான் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. அது நெடுங்காலம் பதிவேட்டில் போட்ட கையெழுத்து. போட்டால்தான் தினப்படி. போட்டுவிட்டு எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்று அது சொல்லாது. எதிர்க்கட்சித் தலைவர் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதே இல்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அவர்கள் வெளியே இருந்தபோதுதான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. அந்த நாள்களுக்கு அவர்களுடைய வருகையும் இல்லை, வாக்கும் இல்லை. பட்டியலில் இருந்த கேள்விகளும் நீக்கப்பட்டன. இரண்டு தராசும் ஒரே நேரத்தில் பொய் சொன்ன வாரம் அது.

கேள்விகள் வேறு ரகம். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் பதில் வருபவை 230. எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. அதனால் எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்கும் உதவியாளரின் சுறுசுறுப்புக்கும் நல்ல பங்கு உண்டு. 2005-இல் கேள்வி கேட்கக் காசு வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 பேர் பதவி நீக்கப்பட்டபோது, கேள்வி எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரைப் புகழ முடியாது என்பது ஊரறிய நிரூபணமானது. சென்னையிலிருந்து ஒரு தனியார் அமைப்பு தரும் சன்சத் ரத்னா விருதை, அரசு விருது என்று நினைத்து நாம் கொண்டாடுவதையும் இங்கே சொல்லிவைக்கலாம். எண்ணிக்கை அதற்கு முக்கிய அளவுகோல்.

ஆனால் எண்ணிக்கையை விட்டு, கேள்வியின் வாசகத்தைப் படித்தால் கதை மாறுகிறது. 2021 ஜூலையில் காங்கிரஸின் கே.சி.வேணுகோபால் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்களைப் பற்றி மாநிலங்களவையில் கேட்டார். ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதில்தான் நாட்டையே கொதிக்க வைத்தது. வாக்கெடுப்பில் தோற்பது உறுதி என்று தெரிந்த எதிர்க்கட்சிக்காரருக்கு, அரசை எழுத்தில் மாட்டவைக்கும் ஆயுதம் இது ஒன்றுதான். இதைச் செய்யக் கொறடாவின் அனுமதி வேண்டியதில்லை. லண்டனில் எதிர்க்கட்சிக்கென்றே ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாள் ஒதுக்கி, எதை விவாதிப்பது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். டெல்லியில் அப்படி நாள் எதுவும் கிடையாது. அதனால் இங்கே கேள்வியின் எடை கூடுகிறது.

தனிநபர் மசோதாவில் இரு நாட்டு வித்தியாசம் இன்னும் அப்பட்டம். 1967-இல் பிரிட்டனின் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் டேவிட் ஸ்டீல், ஆட்சியில் இல்லாத லிபரல் கட்சியின் இளம் உறுப்பினர். அரசு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது, சட்டமாயிற்று. இந்தியாவில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியானது 1970-இல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதே பல பத்தாண்டுகளில் காணாத அதிசயம். மக்களவையில் அது கரை சேரவில்லை. அரசு தன் பங்குக்கு வேறு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற அதன் விதியை திருநர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சிவாவின் கணக்கில் இது "1" என்று மட்டும் ஏறும். வருடா வருடம் தாக்கல் செய்துவிட்டு மறந்துபோகும் இன்னொருவரின் மசோதாவும் அதே "1".

யாரும் எண்ணாத மூன்றாவது இடம்

மசோதாக்களையும் துறைகளின் வேலையையும் ஆராயும் நிலைக்குழுக்களின் கூட்டங்கள் டெல்லியில் மூடிய அறைக்குள் நடக்கின்றன. உறுப்பினர் அங்கே எந்த அதிகாரியை என்ன கேட்டார் என்று வெளியே தெரியாது. லண்டனில் தெரிவுக் குழு விசாரணைகள் பெரும்பாலும் நேரலையில் ஓடும். 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் 16 விழுக்காடு. இடம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் அங்கேதான் ஒரு பொருள் கிடைக்கிறது: மாற்றுக் கருத்துக் குறிப்பு. வக்ஃப் மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவில் எதிர்க்கட்சியினர் தங்கள் பெயரிலேயே குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அதில் சில பகுதிகள் நீக்கப்பட்டதாகச் சண்டை வந்து, பிறகு சேர்க்கப்பட்டன. 2025 ஏப்ரலில் மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியது. அந்த 232-இல் ஒருவர் என்பதைவிட, குழுவில் எந்தப் பிரிவை என்ன காரணம் சொல்லி எதிர்த்தார் என்பது அந்த உறுப்பினரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

எனவே என் தொகுதி எம்.பி. எதிர்க்கட்சியில் இருந்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் அவர் கேட்ட கேள்விகளின் வாசகம். அதிலும் ஒரே பொருளை அடுத்தடுத்த கூட்டத்தொடரில் விடாமல் கேட்டிருக்கிறாரா என்று. அடுத்து குழு அறிக்கைகளில் அவர் பெயரில் குறிப்பு உண்டா என்று. பிறகு மசோதாக்களுக்கு அவர் கொடுத்த திருத்தங்கள். வாக்குப் பதிவை அவருடைய கட்சிக்கு ஓட்டுப்போடலாமா என்று யோசிக்கும்போது தனியாக எடுத்துப் பார்ப்பேன். வருகை விழுக்காடு பாதிக்கும் கீழே போனால் மட்டும் ஏன் என்று கேட்பேன்.