தாண்டிக்குடி பட்டர் ஃப்ரூட்: ஸ்மூத்திக்கு செம்ம

கொடைக்கானல் கீழ்மலைல தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி தோட்டத்துக்கு நடுவுல விளையுற பட்டர் ஃப்ரூட்ட (அவகேடோதான்) வத்தலக்குண்டு ரோட்டோரக் கடைல கிலோ கணக்குல வாங்கிட்டு வந்தோம், சூப்பர் மார்க்கெட்ல ஸ்டிக்கர் ஒட்டி ஒத்தையா விக்கிற ஹாஸ்ங்கிற அவகேடோ ரகத்தோட வெலைல பாதி கூட வரல. சைஸும் பெருசு.

ஹாஸ் பழுத்தா தோல் கருக்கும், இந்த பச்சத்தோல் ரகம் பழுத்தாலும் பச்சையாவேதான் இருக்கும், அதனால கலர பாத்து ஏமாறாதீங்க, காம்புகிட்ட லேசா அழுத்துனா அமுங்கணும், ஆட்டுனா உள்ள கொட்டை லொடலொடன்னும், அப்ப வெட்டுனா கரெக்டா இருக்கும். கல்லு மாதிரி இருந்தா அரிசி டப்பால போட்டு வைங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கவே வைக்காதீங்க.

செய்றது ரொம்ப ஈஸி. பாதி பழம், காய்ச்சி ஆறவெச்சு ஜில்லுனு எடுத்த பால் ஒரு டம்ளர், நாட்டுச்சக்கரை ரெண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மொதல்ல பழம், சக்கரை, கொஞ்சூண்டு பால் மட்டும் மிக்ஸில அடிச்சு மழமழன்னு ஆனப்புறம் மிச்ச பால ஊத்துங்க, மொத்தமா ஊத்துனா கட்டி கட்டியா நிக்கும். இப்படி அடிச்சா ஸ்பூன்ல எடுத்தா மெதுவா வழியுற பதத்துக்கு வருது, ஐஸ்கிரீமே தேவயில்ல!

கொறைன்னா, ஹாஸ் அளவுக்கு கொழுப்பு இல்ல, தண்ணி ஜாஸ்தி, அதனால ஐஸ் கட்டி போட்டா நீத்துப்போயிடும். ரெண்டு பழத்துல கருப்பு நாரும் இருந்துச்சு, அத வழிச்சு எடுத்துட்டுதான் போட்டோம். அடிச்ச ஒடனே குடிச்சிடுங்க, வெச்சா நிறம் மாறிடும். ஸ்மூத்திக்கு மட்டும்னா பத்துக்கு எட்டு, ஆடி ஆவணில அந்தப் பக்கம் போனா கண்டிப்பா வாங்குங்க.