பறவை பார்க்க ஒரு ஸ்கோப்: கொழும்பில் கடைசியில் எவ்வளவு முடிந்தது

தூரத்துப் பறவையை முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கிதான் ஸ்பொட்டிங் ஸ்கோப். அதை வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தக் குழாயின் விலையைத்தான் கேட்கிறார்கள். அந்த விலை மொத்தக் கணக்கில் ஒரு பகுதிதான். என்னிடம் இருப்பது வொர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி, 20-60×85 (20 முதல் 60 மடங்கு பெருக்கம், முன் கண்ணாடியின் விட்டம் 85 மில்லிமீற்றர்), கண் வைக்கும் பக்கம் சாய்ந்த மாடல். 2022 கடைசியில் வாங்கியது. அமெரிக்காவில் 500 டொலரை ஒட்டிய விலை. டொலர் அப்போது 365 ரூபாய், ஆகவே குழாய்க்கு மட்டும் 182,500 ரூபாய். அதே ஆண்டுத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயாக இருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

அதற்குப் பிறகு போனதைச் சொல்கிறேன். பாவித்ததாக வாங்கிய கார்பன் ட்ரைபொட் 48,000. அதன் தலையில் பொருத்தும் ஃபுளூயிட் ஹெட் 32,000. இரண்டையும் இணைக்கும் தட்டு 3,500. காற்றுப் புகாத பெட்டி, ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் எல்லாம் 6,000. ஃபோனை மாட்டும் அடப்டர் 9,000. வெள்ளவத்தையில் தையற்காரர் ஒருவரிடம் தைத்த மழை உறை 1,800. ஆக, குழாயின் விலையில் பாதிக்கு மேல் மற்றச் சாமான்களுக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. இவை இல்லாவிட்டால் ஸ்கோப் அலுமாரியில்தான் இருக்கும்.

இந்தக் கணக்கை எனக்கு முதலில் சொன்னவர் கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மச்சான். அவருக்கும் பறவைக்கும் சம்பந்தம் இல்லை. அவர் மான் வேட்டைக்குப் போகிறவர், அதற்கென்று ஒரு ரைபிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியவர். ரெமிங்டன் 700 அக்‌ஷன் (குண்டை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி) ஒன்று, தனியாக வாங்கிய பரல் (குழல்), தனியாக ட்ரிகர், தனியாகக் கட்டை, இவற்றைச் சேர்த்துப் பொருத்தித் தரும் துப்பாக்கித் தச்சரின் கூலி. ஸ்கோப்பும் அதைப் பிடிக்கும் வளையங்களும் வாங்குவதற்கு முன்பே அமெரிக்கக் காசில் 2,000 டொலரைத் தாண்டிவிட்டது என்றார். பின்லாந்துக்காரர் செய்யும் டிக்கா டி3எக்ஸ் அதில் பாதி விலைக்குக் கடையில் கிடைக்கிறது. 100 யார் தூரத்தில் மூன்று குண்டும் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பனியே உத்தரவாதம் கொடுக்கிறது. அப்புறம் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். தோளுக்கு ஏற்ற நீளம், மலையில் சுமக்கும் பாரம், தனக்குப் பிடித்த காலிபர் (குண்டின் அளவு) என்று மூன்று காரணம் சொன்னார். விற்கப் போனால் போட்ட காசு வராது என்பதையும் அவரே சொன்னார். இன்னொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை யார் முழு விலைக்கு வாங்குவார்? நல்ல கண்ணாடி மட்டும் அவ்வளவு விலை இறங்குவதில்லையாம். “கண்ணாடிக்குக் காசைப் போடு மச்சான், மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்பதுதான் அவர் தந்த புத்தி.

அவர் சொன்னதில் பாதி இங்கே பொருந்தும், பாதி பொருந்தாது. தோட்டக் காவலுக்கு வைத்திருக்கும் துப்பாக்கிக்கே ஆண்டுதோறும் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாடு இது. வேட்டை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் வொர்டெக்ஸ், லூப்போல்ட், ஸ்வரோவ்ஸ்கி, ட்சைஸ் எல்லாம் ரைபிளுக்கும் பறவைக்காரருக்கும் சேர்த்தே கண்ணாடி செய்கிற கம்பனிகள். பாகம் பாகமாகச் சேர்க்கும் பழக்கம் இந்தப் பக்கமும் உண்டு. ஸ்வரோவ்ஸ்கி ஏடிஎக்ஸ் வரிசையில் கண் பக்கம் ஒரு பாகம், முன் கண்ணாடி இன்னொரு பாகம் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். கோவா (Kowa) என்ற ஜப்பான் கம்பனியின் பெரிய ஸ்கோப்பில் ஃபுளோரைட் படிகம் இருக்கும். இந்த வகைகள் ஆயிரக்கணக்கான டொலர். வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா விளிம்பு தெரியாது, விடியற்காலை மங்கலிலும் நிறம் சரியாக வரும். அடுத்தவருடையதில் ஒருமுறை கண் வைத்துப் பார்த்தால் அன்று இரவு நித்திரை வராது, அதனால் நான் பார்ப்பதைத் தவிர்க்கிறேன்.

பொருந்தாத பாதி ட்ரைபொட். ரைபிளைத் தோள் தாங்கும். ஸ்கோப்பைத் தாங்கக் கால் வேண்டும். என் குழாய் ஒன்றேமுக்கால் கிலோ அளவு இருக்கும். 40 மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது பறவை மட்டுமல்ல, ட்ரைபொட்டின் நடுக்கமும் 40 மடங்குதான். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர். கமராவுக்கென்று விற்கும் மெல்லிய ட்ரைபொட்டை இரவல் வாங்கி மன்னார்ப் பக்கத்து வங்காலையில் வைத்துப் பார்த்தேன். மன்னார்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஒரு பறவையின் அலகைக்கூட அசையாமல் பார்க்க முடியவில்லை. கார்பன் கால் வந்த பிறகு, நடுத் தண்டை உயர்த்தாமல் பையை அதன் கொக்கியில் தொங்கவிட்டால் காற்றிலும் படம் நிற்கிறது. பந்து வடிவ ஹெட்டைக் கமராக்காரர்கள் விரும்புவார்கள். நடந்து போகும் பறவையைப் பின்தொடர ஃபுளூயிட் ஹெட்தான் சரி, கைப்பிடியைத் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும், விட்டால் அங்கேயே நிற்கும்.

பெருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடைக்காரர்கள் 60 என்ற எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 85ஐ 20ஆல் வகுத்தால் 4.25 மில்லிமீற்றர். 60ஆல் வகுத்தால் 1.4 மட்டும். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியே இரண்டு, மூன்று மில்லிமீற்றர் திறந்திருக்கும். ஆகவே 60இல் படம் இருண்டுதான் போகும், எந்தக் கம்பனியின் கண்ணாடியானாலும் இந்த வகுத்தல் மாறாது. அதற்கு மேல் நம் ஊர் வெயில். காலை 9 மணிக்குப் பிறகு நீர்ப்பரப்பின்மேல் கானல் எழும்பினால் 60 மடங்கில் தெரிவது கொதிக்கும் தண்ணீர்தான். நான் பெரும்பாலும் 25க்கும் 35க்கும் நடுவில் வைத்திருப்பேன். 60ஐப் பயன்படுத்துவது நிழல் விழுந்த காலையில், பக்கத்தில் நிற்கும் பறவைக்கு, அதுவும் ஆசைக்கு.

இவ்வளவு செலவு தேவையா என்றால், எங்கே போவீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது, உலகில் முதலில் அந்தப் பெயரைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. ஆனால் தலங்கம குளத்திலோ, பெத்தகானவிலோ, தியசரு பூங்காவிலோ ஸ்கோப்புக்கு அதிக வேலை இல்லை. நீலத் தாழைக்கோழி நடைபாதைக்கு அருகிலேயே தண்டைக் காலால் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். இலைக்கோழி, செந்நாரை, பாம்புத்தாரா எல்லாம் 8×42 பைனாகுலருக்கு எட்டும் தூரம். கொழும்பை விட்டு வெளியே போகாதவர்கள் இந்தக் காசில் கால்வாசியை நல்ல பைனாகுலருக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதைச் சொன்னால் ஸ்கோப் வைத்திருக்கிற நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை.

ஸ்கோப்பின் இடம் மன்னார், கற்பிட்டி, சிலாபம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை வங்காலைச் சரணாலயப் பக்கம், தள்ளாடியை ஒட்டிய ஏ14 வீதியோரம் நின்றால் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தூரத்தில் கோடு போட்டதுபோல மிதக்கும். பூநாரைக் கூட்டம் வெறும் கண்ணுக்கே தெரியும். மூக்கன் கூட்டம் அப்படி இல்லை. மாரி காலத்தில் கருவால் மூக்கனும் பட்டைவால் மூக்கனும் பார்வைக்கு ஒரே சாம்பல் பறவை, நீண்ட அலகு, சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். பறந்தால் கருவால் மூக்கனை அதன் இறக்கையின் வெள்ளைப் பட்டை காட்டிக்கொடுக்கும், ஆனால் மதிய உணவு நேரத்தில் அவை எங்கே பறக்கின்றன? 30 மடங்கில் முதுகைப் பார்க்க வேண்டும். கருவால் மூக்கனுக்கு முதுகு ஒரே சீராக இருக்கும். பட்டைவால் மூக்கனுக்கு ஒவ்வோர் இறகின் நடுவிலும் கருங்கீற்று ஓடும். அந்தக் கீற்று கண்ணாடியில் தெளிவாக விழுந்த நாளில்தான் கொடுத்த காசு எனக்குச் சீரணித்தது. மணல் உப்புக்கொத்திகளில் சிறியதையும் பெரியதையும் பிரிப்பதும் இதே கதை. அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பைனாகுலரில் அது நடக்காது.

பராமரிப்பில் கொழும்புக்கென்று சில தொல்லைகள். முதலாவது ஏசி. குளிரூட்டிய அறையில் இரவு வைத்த ஸ்கோப்பை விடிய வெளியே கொண்டுபோனால் முன் கண்ணாடியும் கண் கண்ணாடியும் உடனே வியர்க்கும். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். முதல் நாள் மாலையே ஹோலில் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. நைட்ரஜனோ ஆர்கனோ அடைத்து மூடிய குழாயாக இருந்தால் உள்ளே பனி பிடிக்காது, ஆகவே வாங்கும்போது இந்த அடைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த ஊரில் அது பெருக்கத்தைவிட முக்கியம். இரண்டாவது பூஞ்சை. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் இடத்தில் கண்ணாடி மேல் அது வேர்விடும், கொழும்பில் அது பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். மின்சார உலர்பெட்டி நல்லதுதான், ஆனால் சாப்பாட்டுச் சாமான் வைக்கும் பெரிய ரப்பர் மூடிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் 45 விழுக்காட்டில் நிறுத்திவைக்கின்றன. ஜெல் நிறம் மாறினால் தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும். மனைவியின் அனுமதியோடு, பழைய தாச்சியில். மூன்றாவது உப்புக்காற்று. மன்னாரிலிருந்து வந்ததும் ட்ரைபொட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடாவிட்டால் இணைப்புகள் இறுகிவிடும்.

இன்னொரு விஷயம், எந்த நாட்டுக் கம்பனியும் பெட்டியில் எழுதாதது. நீளமான கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிய 5 மணிக்குத் தெருவில் இறங்குவது வெள்ளவத்தைத் தமிழனுக்குச் சின்ன விஷயம் இல்லை. கோட்டேயில் நாடாளுமன்றத்தை ஒட்டிய ஈரநிலங்களில் இன்னும் கவனம் வேண்டும். ட்ரைபொட்டோடு வந்த துப்பாக்கி உறை மாதிரியான பையை நான் ஓரமாக வைத்துவிட்டேன். ட்ரைபொட்டைக் கால் தெரிய வெளியே பிடிப்பேன், ஸ்கோப் மகனின் பழைய பள்ளிக்கூடப் பையில் போகும், அடையாள அட்டை மேல்பையில். ஒருமுறை மறித்த இராணுவத் தம்பி பையைத் திறக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அவரே கண் வைத்து ஒரு நாமக்கோழியை வெகுநேரம் பார்த்தார். மச்சான் ஆசையாக அனுப்பிய உறை ஒன்றும் இருக்கிறது, இலை தழை போட்ட வேட்டைக்காரர் டிசைன். இராணுவ உடை நிறத்தில் சாதாரண ஆட்கள் எதையும் உடுத்தித் திரிவது இங்கே வம்பு என்று சொல்லிப் புரியவைக்க ஒரு முழு ஃபோன் அழைப்பு ஆனது. அதனால்தான் தையற்காரரிடம் சாம்பல் துணியில் வேறு உறை தைத்தேன்.

உத்தரவாதம் பற்றிக் கேட்பீர்கள். வொர்டெக்ஸ் ஆயுள்கால உத்தரவாதம் தருகிறது, பற்றுச்சீட்டும் கேட்பதில்லை, கைமாறினாலும் செல்லும். ஆனால் கடல் தாண்டி அனுப்புவதற்கும் திரும்ப எடுப்பதற்கும் ஆகும் செலவை நினைத்தால் அதை நம்பித் தரையில் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பார்சலில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகையில்தான் வரி ஆரம்பிக்கும். வற் (பெறுமதி சேர் வரி) மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 விழுக்காடு. நான் வாங்கியபோது இருந்த டொலரைவிட இப்போது ரூபாய் கொஞ்சம் தேறியிருக்கிறது, அந்த நன்மையில் ஒரு பகுதியை வரி தின்றுவிடும்.

பாவித்ததை வாங்கலாமா? தாராளமாக. ட்ரைபொட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாவித்ததாகவே வாங்குங்கள், காலை நீட்டி மேலிருந்து அழுத்தினால் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்கோப் என்றால் ஒரு சின்ன டோர்ச் கொண்டுபோங்கள். முன் கண்ணாடி வழியாக வெளிச்சம் அடித்துக் கண் பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள், பிறகு மாற்றி அடியுங்கள். தூசு புள்ளியாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஃபோகஸ் வளையத்தை இரு முனை வரைக்கும் திருப்பிப் பாருங்கள், இடையில் கரகரத்தால் மணல் போயிருக்கிறது. கடைசியாக, மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கழற்றாமலே பாருங்கள். முழு வட்டமும் தெரியாவிட்டால் அந்த ஸ்கோப் உங்களுக்கில்லை.